ஆடி மாசத்துச் சுவிட்ச்

பயப்படாதீங்கண்ணா, வெடிக்கிற சாமான் எதுவும் இல்லீங்க. உக்கடத்துல ஏறும்போதே கண்டக்டர் கேட்டுட்டார். இந்த சீட்ல இருந்த அம்மா எந்திரிச்சு முன்னாடி போயிட்டாங்க. இது வெறும் பல்பு போர்டுங்க. ஒரு பிளைவுட் பலகை, பன்னெண்டு சுவிட்ச், பன்னெண்டு சின்ன பல்பு, அடியில ஒரு பேட்டரி. ரெண்டு நாள் லீவு போட்டு நானே உக்கார்ந்து பண்ணேன். நீங்க கொஞ்சம் சன்னல் பக்கம் தள்ளிக்கிட்டீங்கன்னா மடியில வெச்சுக்குவேன். போதுங்க, போதும்.

ஒட்டன்சத்திரம் பக்கம் போறேங்க, மாமனார் வீட்டுக்கு. சம்சாரத்தைக் கூட்டிட்டு வர. இல்ல, கூட்டிட்டு வர்றது ரெண்டாவதுங்க. முதல்ல அவளுக்கு ஒரு விஷயத்தைப் புரிய வைக்கணும். என் மேல தப்பு இல்லைன்னு இந்தப் போர்டுல போட்டுக் காட்டப் போறேன். கண்ணால பாத்துட்டா அப்புறம் மறுபேச்சு பேச முடியாதில்லீங்களா. தானா பையைத் தூக்கிட்டுக் கிளம்பிருவா. ஆனி கடைசியில போனவ, இன்னைக்குக் கார்த்திகை அஞ்சு.

சண்டையான்னு கேக்கறீங்க. அதான் இல்லீங்க. வைகாசியில கல்யாணம். ஆடி பொறக்கப் போகுதுன்னு மாமனாரு தாம்பாளத்தோட வந்தார், எனக்கு வேட்டி சட்டை வெச்சார், பொண்ணை அழைச்சுட்டுப் போனார். எல்லா வீட்லயும் நடக்கறதுதானுங்களே. ஆவணி பொறந்ததும் கொண்டாந்து விடறோம்னு சொல்லிட்டுத்தான் போனாங்க. அவளும் நாலே சேலைதான் எடுத்துட்டுப் போனா. அப்புறம் ஏன் வரலைன்னா, அதுக்குக் காரணம் ஒரு கேம். போன்ல விளையாடற கேம். சிரிக்காதீங்கண்ணா.

ஒரு நிமிஷம், போன் வருது. வீட்டு ஓனர், மயில்சாமி. கட் பண்ணிடறேன். அவருக்கு வேற வேலை இல்லீங்க. பகல்ல வாசல் லைட் எரியுதுன்னு சொல்றதுக்குக் கூப்பிடுவார்.

நான் கேம் புரோகிராம் எழுதறவனுங்க. ஜெரால்டுன்னு ஒருத்தன், என் பார்ட்னர், அவன் படம் வரைவான். மாடியில ஒரு ரூம், ரெண்டு கம்ப்யூட்டர், அதுதான் எங்க கம்பெனி. நாங்க பண்றது ஒரு தோட்டக் கேம். ஒரு ஊரு, அதுல விவசாயம் பண்ணலாம், மாடு வாங்கலாம், திருவிழாவுக்குப் போலாம், கல்யாணம் பண்ணிக்கலாம். நெஜ ஊர்ல எப்படியோ அப்படியே தமிழ் மாசக் கணக்கு. ஆடியில கல்யாண மண்டபம் பூட்டியிருக்கும். தையில பொங்கல் வரும். எந்தப் பயிரை எந்த மாசத்துல நடணும்னு தேனுதான் எனக்குச் சொன்னா. தேன்மொழி, என் சம்சாரம். அவங்கப்பா நாத்துப் பண்ணை வெச்சிருக்கார், தக்காளி, மிளகாய், கத்திரி எல்லாம் அவளுக்கு அத்துப்படி. நிச்சயம் ஆன புதுசுல போன்ல நாங்க பேசினதே அதுதானுங்க. மத்தவங்க என்னென்னமோ பேசுவாங்க. நாங்க கத்திரி நாத்து பேசினோம்.

அதனால கேம்ல வர்ற புதுப்பொண்ணுக்கு அவ பேரையே வெச்சேன். தேனு. மூக்குத்திகூட ஜெரால்டுகிட்ட சொல்லி அதே மாதிரி வரைய வெச்சேன். கல்யாணப் பரிசுன்னு அவ போன்ல கேமைப் போட்டுக் குடுத்தேன். எல்லாருக்கும் குடுக்கறதுக்கு முன்னாடி நூறு பேருக்கு மட்டும் விளையாடிப் பாக்கக் குடுப்போம், அதுல இவளும் ஒரு ஆளு. மத்த பொண்ணுக கல்யாணப் பரிசுக்கு என்ன கேப்பாங்கன்னு தெரியலீங்க. இவ மூக்குத்தியைப் பாத்துட்டு அழுதுட்டா.

இப்பப் போர்டைப் பாருங்க. கம்ப்யூட்டருக்கு மாசத்தை எப்படிச் சொல்றதுன்னு ஒரு கேள்வி இருக்குதில்லீங்களா. ஜெரால்டு மாதிரி ஆளுக ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு பன்னெண்டு வரைக்கும் நம்பர் போடுவாங்க. சின்னப் புள்ளைக வேலை அது. நான் ஒவ்வொரு மாசத்தையும் ஒரு சுவிட்சா வெச்சேன். பிட் ஃபிளாக்னு சொல்லுவாங்க. சித்திரைக்கு நம்பர் ஒண்ணு, வைகாசிக்கு ரெண்டு, ஆனிக்கு நாலு, ஆடிக்கு எட்டு, ஆவணிக்குப் பதினாறு. ஒவ்வொண்ணும் முன்னதுக்கு ரெண்டு மடங்கு. எதுக்குன்னு கேளுங்க. ஒரு பயிரு ஆடியிலயும் நடலாம், ஆவணியிலயும் நடலாம்னா எட்டும் பதினாறும் இருபத்திநாலு, அவ்வளவுதான். இருபத்திநாலுங்கற ஒரே நம்பரைப் பாத்து எந்தெந்த சுவிட்ச் எரியுதுன்னு கம்ப்யூட்டர் கண்டுபிடிச்சுரும். வேற எந்த மாசங்களைக் கூட்டினாலும் இருபத்திநாலு வராது. கூட்டிப் பாருங்க, பழனி போற வரைக்கும் கூட்டுங்க, வராது. எவ்வளவு அழகு பாத்தீங்களா. எனக்குச் சொல்லும்போதே புல்லரிக்குது.

நீங்க என்ன வேலை பாக்கறீங்க? வயரிங்கா? அட, அப்ப உங்களுக்குச் சுலபமா விளங்கும்.

பயிருக்கு அப்படின்னா, இன்னைக்கு என்ன மாசங்கறதுக்கும் அதே போர்டுதான். ஒரே முறை, ஒரே ஒழுங்கு. ஜெரால்டு அன்னைக்கே கேட்டான். பயிருக்குப் பல மாசம் இருக்கலாம், இன்னைக்கு ஒரு மாசம்தானே இருக்க முடியும், அதுக்கு எதுக்கு இத்தனை சுவிட்ச்னு. படம் வரையறவனுக்கு அதெல்லாம் எதுக்குன்னு நான் பதிலே சொல்லலை. இப்பப் பாருங்க, போட்டுக் காட்டறேன். கேம் ஆரம்பம். சித்திரை எரியுதா? மாசம் பொறக்குது, வைகாசியைப் போடறேன். அடுத்து ஆனி. அடுத்து ஆடி.

அண்ணா, எதுக்குச் சித்திரையை அணைச்சீங்க? கையை எடுங்க. வைகாசியையும் அணைக்காதீங்க. முடிஞ்சு போச்சுன்னா என்னங்க, அது பாட்டுக்கு எரிஞ்சுட்டுப் போகுது, யாரை என்ன பண்ணுது? புது மாசத்தைப் போட்டுட்டோமில்ல, அதுதான் முக்கியம். நீங்க கரண்ட் ஆளு, உங்களுக்கு எதைப் பாத்தாலும் அணைக்கத்தான் தோணும். இருங்க, மறுபடி போட்டுக்கறேன்.

தேனுவும் இப்படித்தானுங்க. அவகிட்ட எல்லாம் நல்ல குணம், ஒரே ஒரு கெட்ட பழக்கம். நான் ஒரு ரூமை விட்டு வெளிய வந்தா பின்னாலயே போய் லைட்டை அணைப்பா. ஃபேனை அணைப்பா. அயர்ன் பாக்ஸை அணைப்பா. நாள் பூரா டொக்கு டொக்குன்னு சத்தம். ஒரு மனுஷன் திரும்பி அந்த ரூமுக்குப் போக மாட்டானா? நான் ஒண்ணும் சொல்லலை, புதுப்பொண்ணு, போகப் போகச் சரியாயிரும்னு விட்டுட்டேன்.

மறுபடி மயில்சாமி. பாத்தீங்களா, ரெண்டாவது தடவை. பொள்ளாச்சி தாண்டட்டும், பேசிக்கலாம்.

கேம்ல ஒரு மாசம் நாலே நாள்ல ஓடிரும். என்ன ஆச்சுன்னா, ஆடி பொறந்துது. ஆடி எரிஞ்சா புதுப்பொண்ணு அம்மா வீட்டுக்குப் போகணும்னு விதி எழுதியிருந்தேன். போயிருச்சு. ஊர்ல ஏழு புதுப்பொண்ணு, ஏழும் போயிருச்சு. ஜெரால்டு சோம்பேறி, அம்மா வீடுன்னு ஒரே ஒரு வீடுதான் வரைஞ்சிருந்தான். அதனால ஏழு பொண்ணுகளும் ஒரே வாசல்ல தோளோட தோள் இடிச்சுட்டு நிக்குது. சரி, ஒரு மாசம்தானே. ஆவணி பொறந்துது. ஆவணி எரியுது. பொண்ணுக நகரலை. புரட்டாசி வந்துது, ஐப்பசி வந்துது. நின்ன எடத்துலயே நிக்குதுங்க. ஏன்னா ஆடி எரியுதில்லீங்களா. ஆடி எரிஞ்சா அம்மா வீட்லதான் இருக்கணும். புரோகிராம் நான் சொன்னதை அட்சரம் பிசகாமச் செய்யுது. அதுல என்ன தப்பு இருக்குது சொல்லுங்க.

அது மட்டுமா. மண்டபம் ஆடிக்குப் பூட்டினது பூட்டினதுதான், மண்டபத்துக்காரர் கையில மாலையோட வாசல்ல நிக்கறார். ஒரு பக்கம் ஐப்பசி மழை கொட்டுது, ஒரு பக்கம் சித்திரை வெயில் பொளக்குது, மாடு எங்க நிக்கறதுன்னு தெரியாம வட்டம் சுத்துது. ஆத்துல தெனமும் ஆடிப்பெருக்கு. தை வந்ததுக்கப்புறம் தெனமும் பொங்கல். பங்குனி முடிஞ்சப்போ பன்னெண்டும் எரிஞ்சுது, இதோ, போர்டுலயும் பன்னெண்டையும் போட்டுட்டேன் பாருங்க, கூட்டினா நாலாயிரத்துத் தொண்ணூத்தஞ்சு. அந்த நம்பரைத் திரையில பாத்தப்போ எனக்கு அப்படி ஒரு நிறைவுங்க. விளையாடற ஆளுகளும் பாதிப் பேர் சந்தோஷமாத்தான் எழுதினாங்க. தெனம் தெனம் திருவிழா, இந்த மாதிரி கேம் பாத்ததே இல்லைன்னு. மீதிப் பேர்தான் எங்க வீட்டுப் பொண்ணை எப்ப அனுப்புவீங்கன்னு கேட்டாங்க. கரூர்ல இருந்து ஒருத்தர், இனிமேல் சமையல் செய்ய முடியாது தம்பி, முட்டிவலின்னு எழுதியிருந்தார். கேம்ல சமைக்கறதுக்கு அவருக்கு எப்படி முட்டி வலிக்கும்னு எனக்கு விளங்கலை.

நெஜ ஆவணி பொறந்த அன்னைக்கு தேனு போன் பண்ணா. பை எடுத்து வெச்சிருக்கேன், நாளைக்கு அப்பா கூட்டிட்டு வர்றார்னு சொல்லத்தான் பண்ணியிருக்கா. பேச்சோட பேச்சா, கேம்ல அந்தப் புள்ள இன்னும் அம்மா வீட்லயே நிக்குதேன்னு கேட்டா. ஆமா நிக்கும்னு சொன்னேன். அப்புறம் கேட்டா, அண்ணா, அவ கேட்டது இன்னும் என் காதுல இருக்குது.

"ஏனுங்க, அவ வீட்ல இல்லை. அவ புருஷனுக்குச் சந்தோஷம் நூத்துக்கு நூறுன்னு காட்டுதே, அது எப்படிங்க?"

கேம்ல ஒவ்வொருத்தருக்கும் தலைக்கு மேல சந்தோஷம் எவ்வளவுன்னு ஒரு கோடு ஓடும். திருவிழா மாசம் எரிஞ்சா ஏறும். இத்தனை மாசம் எரிஞ்சா நூறு வராம என்ன பண்ணும்? நான் அதை விளக்கமா, பொறுமையா, நம்பரோட சொன்னேன். சொல்லி முடிச்சுட்டு, எல்லாம் சரியாத்தான் வேலை செய்யுது தேனுன்னு சொன்னேன். அவ்வளவுதாங்க சொன்னேன். அவ சரின்னு சொல்லி வெச்சுட்டா. அடுத்த நாள் மாமனாரு போன் பண்ணி, பொண்ணு நாத்துப் பண்ணையில வேலை இருக்குதுங்கறா மாப்பிள்ளை, கொஞ்ச நாள் கழிச்சு வரட்டும்னார்.

என்ன அண்ணா, உச்சுக்கொட்டறீங்க. நான் என்ன தப்பாச் சொன்னேன்?

புரட்டாசியில ஒரு தடவை பண்ணா. அந்தப் புள்ள வீடு வந்து சேர்ற அன்னைக்கு நானும் வர்றேன்னா. அது வராது, ஆடி எரியுதுன்னேன். பழசை அணைக்க மறந்துட்டீங்களா, உங்க வழக்கம் அதுதானேன்னு கேட்டா. எனக்குச் சுருக்குன்னு கோவம் வந்துருச்சுங்க. எட்டு வருஷமா புரோகிராம் எழுதறேன். நாத்துப் பண்ணையில உக்கார்ந்துட்டு, ஒரு வரியைப் பாக்காம, என் முறையில குத்தம் சொல்றாளே. ஜெரால்டும் அதையேதான் சொன்னான். ஒரே ஒரு வரி மாத்துனாப் போதும், பழைய மாசத்தை அணைச்சுட்டுப் புதுசைப் போடு, அஞ்சு நிமிஷ வேலை, நான் வேணா பண்ணட்டுமான்னு கேட்டான். என் வரியில கை வெச்சா கம்பெனியே வேண்டாம்னு சொல்லிட்டேன். ரெண்டு பேரும் சொல்லி வெச்ச மாதிரி பேசறாங்க. இப்ப நீங்களும். அண்ணா, ஆனியை விடுங்க. நான் பாக்கலைன்னு நெனைச்சு அணைக்கறீங்க.

நூத்துக்கு நூறு சந்தோஷமான்னு கேட்டா பாருங்க, அதுதாங்க மனசை அறுக்குது. இப்ப வீட்ல பின்னாலயே வந்து அணைக்க ஆள் இல்லை. ஹால், ரூம், சமையக்கட்டு, பாத்ரூம் எல்லாம் எரியுது, டிவி ஓடுது, ஃபேன் சுத்துது. இருந்தும் உள்ள நுழைஞ்சா வெறிச்சுன்னு இருக்குது. நான் பாட்டுக்கு ரெண்டு தட்டு எடுத்து வெச்சுடறேன். ஒண்ணைத் திரும்பக் கழுவி வெக்கிறேன், அதுல சாப்பிடவே இல்லை, இருந்தாலும் கழுவறேன். அந்த டொக்கு டொக்கு சத்தம் கேக்காம எனக்குத் தூக்கம் வர மாட்டேங்குதுங்க. இதையெல்லாம் அவகிட்ட எப்படிச் சொல்றது? அதுக்குத்தான் போர்டு பண்ணேன்.

ஆமாங்க, தட்டைப் பத்தி இல்லை, போர்டைப் பத்தித்தான் சொல்லப் போறேன். போய் உக்கார்ந்து, பன்னெண்டையும் போட்டுக் காட்டி, நாலாயிரத்துத் தொண்ணூத்தஞ்சு வர்றதைக் காட்டி, முறை சரிதான்னு அவ ஒத்துக்கிட்டதும் கிளம்பு போலாம்னு சொல்லணும். இன்னைக்குக் காலையிலயே எழுந்து, மோட்டாரைப் போட்டு, தண்ணி ரொம்பற நேரத்துல குளிச்சு, போர்டைத் துணியில சுத்தி, எட்டு மணிக்கு வீட்டைப் பூட்டிட்டேன். இந்தப் பஸ்ஸைப் புடிக்கணும்னு ஓட்டமா ஓடி வந்தேங்க.

என்னங்க? மோட்டாரா? ஆமா, எங்க போர்ஷனுக்குத் தனி மோட்டார், சுவிட்ச் எங்க சமையக்கட்டுலதான் இருக்குது. ஏன் கேக்கறீங்க?

அணைச்சனான்னா...

இருங்க, இருங்க. மூணாவது தடவை மயில்சாமி. இல்ல, மயில்சாமி இல்லீங்க. தேனு. தேனு கூப்பிடறா. ரெண்டு மாசமா அவளா கூப்பிட்டதே இல்லை. போர்டைக் கொஞ்சம் புடிங்கண்ணா.

சொல்லு தேனு. நான் பஸ்ல, உடுமலை வரப் போகுது. உங்க ஊருக்குத்தான். நீ எங்க? எந்த வீட்ல? நம்ம வீட்லயா? எப்போ? ம். ம். படிக்கட்டு வரைக்குமா? ம். தெருவுலயுமா? அவர் என்ன சொன்னார்? ம். இல்ல தேனு, அது நான் இல்லை. நான் ரெண்டு நாளா லீவு. ஆமா. ஜெரால்டு. ம். இன்னும் சாப்பிடலை. தட்டா? யாரும் வரலை. ம். சரி. சரி தேனு. வர்றேன்.

அண்ணா, அவ வீட்டுக்கு வந்துட்டா.

கோயமுத்தூர்லங்க, எங்க வீட்ல. நேத்து சாயந்திரம் புது கேம் வந்துருக்குது. நான் லீவுல இருந்தப்போ ஜெரால்டு அந்த ஒரு வரியை மாத்தி எல்லாருக்கும் அனுப்பிட்டான். தேனு திறந்து பாத்திருக்கா. ஆடி அணைஞ்சு, ஏழு பொண்ணுகளும் வரிசையா அவங்கவங்க வீட்டைப் பாத்து நடந்து போகுதாம். மண்டபத்தைத் திறந்துட்டாங்களாம். நான்தான் மாத்திட்டேன்னு நெனைச்சு விடியறப்போ மொத பஸ்ஸைப் புடிச்சு வந்துட்டா. வந்து பாத்தா வீடு பூட்டியிருக்குது, மேல தொட்டி ரொம்பி, படிக்கட்டுல அருவி மாதிரி ஊத்தி, தெருவுல ஓடுது. மயில்சாமி வாசல்ல குடை புடிச்சுட்டு நிக்கறாராம். அவகிட்ட ஒரு சாவி இருக்குது. உள்ள போனதும் மொத வேலையா மோட்டாரை அணைச்சாளாம். அப்புறம் ஹால், அப்புறம் ரூம், பாத்ரூம், வாசல்னு ஒவ்வொண்ணா அணைச்சுட்டுத்தான் எனக்கு போன் பண்ணியிருக்கா. ஒன்பது சுவிட்சுன்னு எண்ணிச் சொல்றா.

நீங்கதானே மாத்துனீங்கன்னு கேட்டா. ஆமான்னு சொல்ல வாய் வரைக்கும் வந்துதுங்கண்ணா. சொல்லியிருந்தா அத்தோட முடிஞ்சு போயிருக்கும். ஆனா முடியலை, ஜெரால்டுன்னு சொல்லிட்டேன். சொல்லிட்டு, போச்சு, திரும்பப் பையைத் தூக்கிருவான்னு நெனைச்சேன். அவ சிரிக்கறா.

"தெரியுமுங்க, நீங்க மாத்தியிருந்தா மோட்டாரை அணைச்சுட்டுப் போயிருப்பீங்க."

அப்புறம், சாப்பிட்டீங்களான்னு கேட்டா. தட்டு ரெண்டு கழுவி இருக்குதே, யாரு வந்தாங்கன்னு கேட்டா. யாரும் வரலைன்னு சொன்னேன். ரெண்டு தட்டையும் எடுத்து வெக்கிற சத்தம் கேட்டுது, சீக்கிரம் வாங்கன்னா.

கண்டக்டர், எறங்கணுங்க. உடுமலையேதான். டிக்கெட் ஒட்டன்சத்திரத்துக்குத்தான் எடுத்தேன், பரவாயில்லை, எறக்கி விடுங்க, அந்தப் பக்கம் கோயமுத்தூர் வண்டி நிக்குது பாருங்க. நகருங்கம்மா, வெடிக்காதுங்க. வர்றேன் அண்ணா. ரொம்ப நேரம் பேசிட்டேன், மனசுல வெச்சுக்காதீங்க.

என்னங்கண்ணா? போர்டா? அட, ஆமா, உங்க மடியிலயே இருக்குது. வேண்டாங்க, நீங்களே வெச்சுக்குங்க, வயரிங்குக்கு ஆகும். இல்ல, சன்னல் வழியாக் குடுக்காதீங்க, வண்டி கிளம்பிருச்சு, எனக்கும் அந்த வண்டி போயிரும். பன்னெண்டும் எரியுதுங்களா? எரியட்டும். இல்ல, அண்ணா, அண்ணா, ஒரு நிமிஷம். அணைச்சிருங்க. ஆடியை மொதல்ல அணைங்கண்ணா.